பூவின் முதுகு

நான் வளர்ந்த வீட்டைச் சுற்றிப் பூத்த பூக்களில் பாதிக்கு மேல் எங்கள் வீட்டில் யாருக்கும் பேர் தெரியாது. எழுபதுகளின் தொடக்கம். கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் அப்பாவுக்குக் கணக்கு எழுதும் வேலை. குடியிருக்கக் கிடைத்தது, சீமைக்குத் திரும்பிப் போய்விட்ட ஒரு குடும்பத்தின் சின்ன காட்டேஜ். தகரக் கூரை, குளிர்காயக் கணப்பு, வாசற்படியிலிருந்து வேலிக்கதவு வரைக்கும் தோட்டம். போனவர்கள் மேஜை நாற்காலியை விற்றுவிட்டுப் போயிருந்தார்கள். தோட்டம் மட்டும் அப்படியே நின்றது. முழங்காலுயரம், தோளுயரம், ஆளுயரம் என்று நெருக்கியடித்துக்கொண்டு, பாத்தி எது பாதை எது என்று தெரியாதபடி, வருஷம் முழுக்க ஏதாவது ஒன்று பூத்துக்கொண்டே இருக்கும்.

அம்மாவுக்கு மன்னார்குடிப் பக்கம். அவளுக்குத் தெரிந்த பூக்கள் மல்லி, முல்லை, கனகாம்பரம், நந்தியாவட்டை, பவழமல்லி, அரளி. ஊரிலிருந்து ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்த மல்லிப் பதியன் ஒரு குளிர்காலத்தைக்கூடத் தாண்டவில்லை. சாமிக்குப் பூ வேண்டும், தலைக்குப் பூ வேண்டும். வாசலில் இத்தனை பூத்துக் கிடக்க, எதைப் பறிக்கலாம், எதைத் தொடக்கூடாது, எது நஞ்சு, எது ஆகும் என்று சொல்ல ஆளில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "அதெல்லாம் இங்கிலீஷ் பூ."

அந்தப் பதில் உண்மையில்லை என்று எனக்குத் தெரிய வருவதற்குள் நான் கல்லூரிக்கே போய்விட்டேன். எங்கள் தோட்டத்து டேலியாவும் காஸ்மாஸும் மெக்சிகோக்காரர்கள். வேலியோரம் தொங்கிய ஃபியூஷியா தென்னமெரிக்கா. தரையில் படர்ந்த நாஸ்டர்ஷியம் ஆண்டீஸ் மலைத்தொடர். ஜன்னல் தொட்டியில் இருந்த ஜெரேனியமும், தண்ணீர்க் குழாயடியில் வெள்ளை வெளேரென்று நின்ற ஆரம் லில்லியும் தென்னாப்பிரிக்கா. பந்து பந்தாகப் பூத்த ஹைட்ரேஞ்சியா ஜப்பான். கொடியேறி மணத்த ஸ்வீட் பீ சிசிலித் தீவு. அங்கிருந்த கூப்பானி என்ற துறவி 1699இல் இங்கிலாந்துக்கு விதை அனுப்பிவைத்தார். இங்கிலாந்துக்காரர்களின் குடிசைத் தோட்டமே உலகத்தின் மலைகளிலிருந்தும் கடற்கரைகளிலிருந்தும் வந்து சேர்ந்தவர்கள் கூடி வாழ்ந்த இடம்தான். அதைத்தான் அவர்கள் இங்கே கொண்டுவந்து நட்டார்கள்.

நட்ட கதையும் பழையது. கோவைக் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் கோத்தகிரிக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கில் வீடு கட்டினார். 1848இல், இங்கிலாந்தின் கியூ தாவரவியல் தோட்டத்தில் தொழில் கற்ற வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் ஊட்டிக்கு வந்து தாவரவியல் பூங்காவை உருவாக்கத் தொடங்கினார். குன்னூர் சிம்ஸ் பூங்கா 1874. பூங்காவிலிருந்து பங்களாவுக்கும், பங்களாவிலிருந்து காட்டேஜுக்கும், காட்டேஜிலிருந்து கோடு போட்டதுபோல் வரிசையாக நின்ற தொழிலாளர் லயன் வீட்டு வாசல் தகர டின்னுக்கும் விதையும் கிழங்கும் கிள்ளிய தண்டும் கைமாறிக்கொண்டே வந்தன. கைமாறும்போது செடி வந்தது, பேர் வரவில்லை. ஏன் இந்த மலையில் இவை இவ்வளவு செழித்தன என்பதற்கும் காரணம் இருக்கிறது. மெக்சிகோவின் மேட்டுநிலமும் ஆண்டீஸின் சரிவும் வெயில்காயும், ஆனால் வேகாது. குளிரும், ஆனால் உறையவைத்துக் கொல்லாது. நீலகிரியும் அப்படித்தான். இங்கிலாந்தில் குளிர்காலத்தில் தோண்டியெடுத்து உள்ளே பத்திரப்படுத்த வேண்டிய டேலியாக் கிழங்கு கோத்தகிரியில் மண்ணிலேயே கிடந்து மறுபடி முளைக்கும்.

வீட்டோடு கூடவே ஒரு தோட்டக்காரரும் எங்களுக்கு வந்து சேர்ந்தார். காரமடைக்காரர். சிறுவயதிலேயே மலையேறி, சீமைக்குப் போய்விட்ட அந்தக் குடும்பத்துத் துரைசானியிடம் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். அவருக்குத் தெரிந்த பேர்கள் குறைவு. ஆனால் மண்ணைப் பிளந்துகொண்டு வரும் முதல் இரண்டு இலையைப் பார்த்தே இது களை, இது செடி என்று சொல்லிவிடுவார். இதை நான் இன்றைக்கும் பெரிய வித்தையாக நினைக்கிறேன். பூத்த பிறகு பூவை அடையாளம் சொல்வது ஒன்று. பூக்க ஐந்து மாதம் இருக்கும்போது, சுண்டுவிரல் நகமளவு இலையை வைத்து அடையாளம் சொல்வது வேறொன்று. தோட்டம் பிழைப்பது இரண்டாவதால்தான், ஏனென்றால் களையெடுப்பது அப்போதுதான்.

ஒருநாள் அம்மா வேலியோரம் குந்தி உட்கார்ந்து கீரை கிள்ளிக்கொண்டிருந்தாள். தரையோடு தரையாக வட்டமாக விரிந்திருந்த பெரிய இலைகள், சுருக்கம் விழுந்து, மெத்தென்று மயிர் படர்ந்து. மலையில் விளையும் ஏதோ கீரை என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. பாதி முறம் நிறைந்த பிறகு தோட்டக்காரர் பார்த்துவிட்டார்.

"அம்மிணி, அதக் கிள்ளாதீங்க. அது கீரையில்லீங்க."

"கீரை மாதிரிதானே இருக்கு பெரியவரே?"

"மாதிரிதானுங்க இருக்கும். வெசமுங்க அது. அடுத்த வருசந்தான் பூ வரும், ஆளு ஒசரத்துக்கு. அப்பப் பாருங்க."

முறத்தை வாங்கி எருக்குழியில் கொட்டினார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். மறு வருஷம் அந்த வட்டத்தின் நடுவிலிருந்து ஒரு தண்டு கிளம்பி, கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகத் திறந்து, ஊதா மணிகளாகத் தொங்கியது. மணியின் உள்பக்கம் கருஞ்சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் வெள்ளை விளிம்பு. தேனீ அந்தப் புள்ளிகளைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே ஏறும். ஃபாக்ஸ்குளோவ். முதல் வருஷம் இலை மட்டும், இரண்டாம் வருஷம் பூ, அதோடு பெரும்பாலும் ஆயுள் முடிந்துவிடும். வில்லியம் விதரிங் என்ற ஆங்கில வைத்தியர் 1785இல் இந்தச் செடியைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். இதன் இனத்திலிருந்து எடுக்கும் டிஜாக்சின் இன்றும் இருதய நோயாளிகளுக்குக் கொடுக்கும் மருந்து. மருந்தாகும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. ஐரோப்பாவில் காம்ஃப்ரி என்ற செடியின் இலை என்று நினைத்து இதைப் பறித்துக் கஷாயம் வைத்துக் குடித்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. இரண்டையும் பிரித்தறிய இலை விளிம்பைப் பார்க்க வேண்டும். காம்ஃப்ரியின் விளிம்பு மழமழவென்று ஓடும், இலை சொரசொரவென்று கையைக் குத்தும். ஃபாக்ஸ்குளோவின் விளிம்பில் சிறு பற்கள் இருக்கும், இலை மென்மையாக இருக்கும். பூ இல்லாத செடியைத்தான் அதிகம் கவனித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இனி அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். தெரியாத பூவைக் கையில் வாங்கினால் அவள் முதலில் முகத்தைப் பார்க்க மாட்டாள். குப்புறத் திருப்பி முதுகைப் பார்ப்பாள். காம்பு எங்கே ஒட்டியிருக்கிறது, எவ்வளவு நீளம், நகம் பட்டால் ஒடிகிறதா வளைகிறதா, பச்சைக் கிண்ணம் இருக்கிறதா, அதற்குக் கீழே இன்னும் ஏதாவது இருக்கிறதா. சின்ன வயசிலிருந்து பூக்கட்டிப் பழகிய கை அது. வாழைநாரில் பூத்தொடுக்கிறவளுக்குப் பூ என்பது காம்பிலிருந்துதான் தொடங்குகிறது. காம்பு இல்லாத பூவும், ஒடியும் காம்பும் அவளுக்குக் கட்ட வராத பூ. மலைப் பூக்களை அவள் முதலில் பிரித்தது கட்ட வருவது, வராதது என்றுதான். ஆனால் அந்தப் பழக்கம் அவளை அறியாமலே வேறொரு கதவைத் திறந்துவிட்டது.

ஆளுயரத் தண்டில் மேலிருந்து கீழ்வரை ரோஜா நிறத்தில் அடுக்கடுக்காகப் பூத்த ஹாலிஹாக்கை அவள் கண்டுகொண்டது அப்படித்தான். அடுக்குப் பூ என்பதால் நடுவில் மகரந்தத் தாளே கண்ணில் படாது, எல்லாம் இதழ்தான். அம்மா திருப்பினாள். பச்சைப் புல்லிவட்டம். அதற்கு அடியில் சின்னதாக இன்னொரு பச்சை வட்டம்.

"செம்பருத்திக்கு இருக்கிற அந்தக் குட்டிப் பாவாடை இதுக்கும் இருக்கு பாரு."

அதோடு விடவில்லை. இலையைப் பறித்துத் தண்ணீர் தொட்டு உள்ளங்கையில் கசக்கினாள். கொழகொழவென்று வந்தது. தலைக்குத் தேய்க்கச் செம்பருத்தி இலை அரைத்துப் பழகியவளுக்கு அந்தக் கொழகொழப்பு போதும். "செம்பருத்தி வீட்டுப் பொண்ணுதான் இது, சீமையிலே கட்டிக் கொடுத்திருக்காங்க" என்றாள். அன்று சாயங்காலமே ஹாலிஹாக் முருகன் படத்துக்கு ஏறியது. பிற்பாடு வகுப்பறையில் கற்றபோது அம்மா சொன்னது ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. செம்பருத்தி, பருத்தி, பூவரசு, ஹாலிஹாக், அபூட்டிலன் எல்லாம் ஒரே குடும்பம். அந்தக் குட்டிப் பாவாடைக்குப் புறப்புல்லிவட்டம் என்று பேர். குடும்பத்தை அடையாளம் காட்டும் குறிகளில் அதுவும் ஒன்று. அபூட்டிலனுக்கு மட்டும் அது கிடையாது.

பெயரைவிட உறவுமுறை முக்கியம் என்பது அம்மாவின் வழி. பேர் அந்த ஒரு செடியைப் பற்றி மட்டும் சொல்லும். உறவு தெரிந்தால் அதன் குணம் தெரியும். கொல்லைப்புறத்தில் மாலையானால் ஊரே மணக்கும்படி வெள்ளை எக்காளங்களாகத் தலைகீழாகத் தொங்கிய புரூக்மான்சியாவை யார் வந்தாலும் நின்று பார்ப்பார்கள். அம்மா ஒரு பூவைத் திருப்பி, ஐந்து மடிப்போடு நீண்ட பச்சைக் குழாயைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது ஊமத்தைக்கு அக்கா. யாரும் கிட்டப் போகாதீங்க" என்றாள். விநாயகர் சதுர்த்திக்கு எருக்கும் ஊமத்தையும் பறித்து வளர்ந்தவள். ஊமத்தைப் பூ வானம் பார்க்கும், இது பூமி பார்க்கும். ஊமத்தைக் காயில் முள் இருக்கும், இதன் காய் வழவழப்பு, தோட்டத்தில் காய்ப்பதே அபூர்வம். மற்றபடி அதே கத்தரிக் குடும்பம், அதே நஞ்சு, வேரிலிருந்து விதை வரைக்கும். எங்கள் கோத்தகிரி வீட்டில் அந்த மரத்தடியில் குழந்தைகள் செப்பு வைத்து விளையாடக் கூடாது என்று சட்டமே இருந்தது.

குழாயடி ஆரம் லில்லியையும் அவள் இப்படித்தான் சேப்பங்கிழங்கோடு சேர்த்தாள். அதன் வெள்ளை, இதழே இல்லை. பூக்கள் நடுவில் நிற்கும் மஞ்சள் குச்சியில் பொடிப்பொடியாக ஒட்டியிருப்பவை. வெள்ளை அவற்றைச் சுற்றிய மடல். கருணையும் சேனையும் சேம்பும் பூத்துப் பார்த்தவர்களுக்கு அந்த அமைப்பு புதிதல்ல. அம்மா சாறு பட்ட கையைப் புளித்தண்ணீரில் கழுவினாள். சேம்பு நறுக்கினால் அரிப்பு வருமே, அதே ஊசி ஊசியான கால்சியம் ஆக்சலேட் படிகங்கள்தான் இதிலும் இருக்கின்றன. கோத்தகிரியிலும் ஊட்டியிலும் ஓடைக்கரைச் சதுப்பெல்லாம் இப்போது அது தானாகவே நிற்கிறது.

ஹைட்ரேஞ்சியா விஷயத்தில் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் எங்களுக்கும் நீண்ட நாள் வாக்குவாதம். எங்களிடம் நீலம், அவர்களிடம் இளஞ்சிவப்பு. இரண்டும் வேறு வேறு செடி என்று அவர்கள். அம்மா இரண்டிலும் ஒவ்வொரு கொத்தைக் கவிழ்த்துப் பார்த்து, கிளைப்பு ஒன்று, இலை ஒன்று, செடி ஒன்று என்று சொல்லிவிட்டாள். எங்கள் செடியிலிருந்து கிள்ளிய குச்சியை அவர்களுடைய புதுச் சுற்றுச்சுவரோரம் நட்டோம். அது இளஞ்சிவப்பாகப் பூத்தது. நீலகிரி மண் புளிப்பு மண். புளிப்பு மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கிறது, பூ நீலமாகிறது. சுவரிலிருந்து கசிந்த சுண்ணாம்பு புளிப்பைக் குறைத்துவிட, நிறம் மாறியது. பூவை அடையாளம் காண நிறம் எவ்வளவு பலவீனமான சாட்சி என்று நான் தெரிந்துகொண்டது அந்தச் சுவரோரத்தில்தான்.

பிறகு கோவையில் தாவரவியல் படித்தேன். நூலகத்தில் பி. எஃப். ஃபைசனின் நீலகிரி, பழனி மலையுச்சிகளின் தாவரங்கள் பற்றிய நூல் இருந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். முதல் தொகுதிகள் 1915இலும் கடைசித் தொகுதி 1920இலும் வந்தன. காட்டுச் செடிகளை மட்டும் எழுதாமல், ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானலைச் சுற்றி வெளியிலிருந்து வந்து பரவிய செடிகளையும் சேர்த்து எழுதினார். அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். கோட்டோவியங்கள் வரைந்தவர்களில் அவர் மனைவியும் போர்ன் சீமாட்டியும் உண்டு. ஒவ்வொரு படத்திலும் முழுச் செடி ஒரு பக்கம், நெடுக்காக வெட்டிய பூ ஒரு பக்கம், காய் ஒரு பக்கம். எங்கள் வேலியில் களையென்று பிடுங்கிப்போட்ட சின்ன இளஞ்சிவப்புப் பூவை அதில்தான் கண்டேன். அதுதான் உண்மையான ஜெரேனியம், இந்த மலைக்கே உரியது. ஜன்னல் தொட்டியில் நாங்கள் ஜெரேனியம் என்று கொண்டாடியது பெலர்கோனியம். தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் இரண்டையும் ஒன்றாக வைத்தார். 1789இல் லெரித்தியே பிரித்தார். வித்தியாசம் முதுகில் இருக்கிறது. ஜெரேனியத்தின் ஐந்து இதழும் ஒரே மாதிரி. பெலர்கோனியத்தில் மேல் இரண்டு ஒரு தினுசு, கீழ் மூன்று ஒரு தினுசு. அந்த மேல் இதழ்களுக்குப் பின்னால் ஒரு தேன்குழாய் காம்போடு ஒட்டி உள்ளே இறங்குகிறது. வெளியிலிருந்து பார்த்தால் காம்பு சற்றுப் பருத்திருப்பதாக மட்டும் தெரியும். பிளேடால் குறுக்கே அரிந்தால் உள்ளே ஊசி நுழையுமளவு துளை. முதன்முதலில் அதை அரிந்து பார்த்த அன்று ஊருக்கு அம்மாவுக்கு இன்லண்ட் லெட்டர் எழுதினேன்.

செடியைப் பாடம் பண்ணச் சொல்லிக்கொடுத்த ஆசிரியருக்கும் இதே பிடிவாதம். செய்தித்தாள் மடிப்புக்குள் வைத்து, தினமும் தாள் மாற்றி, மேலே பாரம் ஏற்ற வேண்டும். அழுத்தும் முன் குறைந்தது ஒரு இலையையாவது திருப்பி வைக்க வேண்டும், ஒரு பூவையாவது கவிழ்த்து வைக்க வேண்டும். காய்ந்தால் போய்விடும் நிறத்தையும் மணத்தையும் உயரத்தையும் அன்றே எழுதிவைக்க வேண்டும். கோவையில் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில், இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் தென்மண்டல மையத்தில் இருக்கும் மெட்ராஸ் ஹெர்பேரியத்துக்கு அவர் எங்களைக் கூட்டிப்போனார். நூறு வருஷத்துக்கு முன் பறித்த செடியின் இலையை, அடிப்பக்கத்து மயிர் உட்பட, அங்கே லென்ஸ் வைத்துப் பார்க்கலாம்.

ஆனால் தோட்டப் பூவுக்கு அந்த வழியும் சில இடங்களில் நின்றுவிடும். அடுக்குப் பூக்களில் மகரந்தத் தாள்கள்தான் இதழ்களாக மாறியிருக்கின்றன. தாளை எண்ணி வகை பிரிக்கும் அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு எதை எண்ணுவது? டேலியா இன்னும் சிக்கல். தோட்ட டேலியாவில் குரோமோசோம் தொகுதி எட்டு மடங்கு. அதனால்தான் ஒரே பூத்தலையின் விதைகள் ஒன்று ஊசியிதழாகவும் ஒன்று பந்தாகவும் ஒன்று தட்டாகவும் பூக்கின்றன. ஃபியூஷியாவிலோ மனிதர் உண்டாக்கிய ரகங்கள் ஆயிரக்கணக்கில். எங்கள் வேலியில் தொங்கிய ஃபியூஷியா எந்த ரகம் என்பதை அறிந்திருந்தவள் அதை நட்ட அந்தத் துரைசானி மட்டும்தான். குடும்பம் சொல்லலாம், இனம் சொல்லலாம். ரகத்தின் பேர் நட்டவரோடு போய்விடுகிறது. நட்டவர்கள் ஒரு குறிப்பேடு வைக்கக்கூடாதா என்று எனக்கு இன்றும் ஆதங்கம் உண்டு.

இப்போது அந்தக் காட்டேஜ் சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதி. போன கோடையில் அண்ணன் மகளோடு போய்ப் பார்த்தேன். அவள் கோத்தகிரியில்தான் ஒரு பள்ளியில் ஆசிரியை. பாத்திகள் போய்ப் புல்வெளி வந்திருக்கிறது. ஓரத்தில் வாங்கி வைத்த பெட்யூனியாத் தொட்டிகள். பழையதில் மிஞ்சியவை புரூக்மான்சியாவும் ஆரமும், கல்சுவர் இடுக்கில் மெக்சிகோ டெய்சியும். வந்திருந்த இளைஞர்கள் ஒவ்வொரு பூவுக்கும் நேராக போனை நீட்டினார்கள். கண்மூடித் திறப்பதற்குள் பேர் வந்தது. அம்மா வருஷக்கணக்கில் தேடியது. எனக்கு அதில் உண்மையான சந்தோஷம். பேர் தெரிவது சின்ன விஷயமல்ல. பேர் தெரிந்த பிறகுதான் அது எந்த நாடு, என்ன குணம் என்று தேட முடியும். ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் படத்தைப் போட்டால் எங்கோ இருக்கும் ஒரு நிபுணர் பார்த்துத் திருத்துகிறார். பிளான்ட்நெட் செயலி, நீங்கள் காட்டுவது இலையா, பூவா, காயா, பட்டையா என்று கேட்டுப் பதிந்துகொள்கிறது. நல்ல கேள்வி அது.

என் குறை போனைப் பற்றியல்ல, போனைப் பிடிக்கும் கோணத்தைப் பற்றி. எல்லோரும் பூவின் முகத்தை மட்டும் எடுக்கிறார்கள். டெய்சி முகமெல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். சூரியகாந்திக் குடும்பத்தில் வகையைச் சொல்வது பல நேரம் தலைக்கு அடியில் இருக்கும் பச்சைச் செதில்களின் வரிசைதான். அந்தச் சுவர் டெய்சியையே இரண்டு செடியாக எண்ணிப் படமெடுத்தாள் ஒரு பெண், வெள்ளை ஒன்று, இளஞ்சிவப்பு ஒன்று என்று. வெள்ளையாக மலர்ந்து வயதாக ஆக இளஞ்சிவப்பாகும் ஒரே பூ அது. காம்பைப் பிடித்துக் கீழே போய்ப் பார்த்தால் இரண்டும் ஒரே வேரில் முடியும். பூவில்லாத இலைவட்டத்துக்குப் போன் தரும் பதிலை நம்பிக் கீரை பறிக்கக்கூடாது என்பதையும் அவர்களிடம் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

அன்றைக்கும் இன்றைக்கும் நடுவே தலைகீழாகிப்போன இன்னொன்று என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. அன்று பேர் தேடியது காப்பாற்றி வைத்துக்கொள்ள. இன்று இந்த மலையில் பல பூக்களின் பேரைத் தேடுவது பிடுங்கி எறிய. உண்மையிலேயே இங்கிலாந்து வேலிகளில் வளரும் ஸ்காட்ச் புரூமும் கார்ஸும் மஞ்சள் பூவுக்காகவும் வேலிக்காகவும் கொண்டுவரப்பட்டவை. இரண்டும் அவரைக் குடும்பம், காய் வெடித்து விதை தெறிக்கும், மண்ணுக்குள் விதை பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். ஊட்டியைத் தாண்டி மேல்நீலகிரிப் புல்வெளிகளில் குறிஞ்சி நிற்க வேண்டிய சரிவுகளை அவை பிடித்துக்கொண்டன. உண்ணிச்செடியும் தோட்டத்துக்கு அழகென்று வந்ததுதான். ஓடையோரமெல்லாம் வெள்ளையாகப் பூத்து மூடும் மெக்சிகோச் செடியும் அப்படியே. 2022இல் தமிழ்நாடு அரசு அந்நிய ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றுவதற்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது.

இங்கேதான் அடையாளம் காண்பது உயிர்ப்பிரச்சினையாகிறது. முதுமலையில் பரவியிருக்கும் சென்னா ஸ்பெக்டாபிலிஸ் மஞ்சளாகப் பூத்து நிற்கும்போது சாலையில் போகிறவர்கள் கொன்றை பூத்திருக்கிறது என்று வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். வெட்ட வேண்டியது அந்நிய மரம், காக்க வேண்டியது நம் சரக்கொன்றை. சரக்கொன்றையின் கொத்து தொங்கும், சிற்றிலைகள் பெரியவை, ஜோடிகள் குறைவு. மற்றதன் கொத்து கிளை நுனியில் நிமிர்ந்து நிற்கும், சிற்றிலைகள் சிறியவை, ஜோடிகள் அதிகம். நிறம் ஒன்றுதான். மலையில் தோட்டம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தங்கள் வேலியைத் தாண்டிக் குதிக்கும் செடி எது என்று தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பேன். நாம் நட்டதுதானே காட்டுக்குள் போகிறது? பள்ளிக்கூடத்தில் கத்தரி, அவரை, செம்பருத்தி, துளசி, சூரியகாந்தி என்ற ஐந்து குடும்பங்களையாவது கையில் கொடுத்துத் திருப்பிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தால், மலைத்தோட்டத்துப் பூக்களில் பெரும்பகுதிக்குப் பிள்ளைகளே உறவுமுறை சொல்லிவிடுவார்கள். அண்ணன் மகள் அவள் வகுப்பில் தொடங்கியிருக்கிறாள்.

அவள் வீட்டு வாசலில் ஒரு செடி முளைத்திருக்கிறது. யாரும் நடவில்லை. இடுப்புயரம், கருநீலப் பூ. போன் மூன்று பேர் சொல்லியிருக்கிறது, மூன்றும் வேறு வேறு. போன வாரம் கூப்பிட்டாள்.

"தண்டைத் தடவிப் பாரு. உருண்டையா, சதுரமா?"

"சதுரம், அத்தை."

"சதுரம்னா துளசிக் குடும்பமா இருக்கலாம். உண்ணிச்செடிக்கும் சதுரம்தான், அவசரப்படாதே. பூ வாய் பிளந்திருக்கா?"

"ஆமா, மேலே ஒரு உதடு, கீழே ஒரு உதடு. உள்ளே தாள் ரெண்டுதான் இருக்கு."

"நாலு இல்லையா?"

"ரெண்டேதான், அத்தை. மூணு பூவிலே பார்த்துட்டேன்."

பென்சில் முனையைத் தேனீ நுழைகிற வழியாக மெதுவாக உள்ளே விடச் சொன்னேன். சற்று நேரம் சத்தமில்லை. பிறகு அவள் கத்தினாள். மேல் உதட்டுக்குள் மறைந்திருந்த தாள் இரண்டும் சட்டென்று கீழே வளைந்து பென்சிலின் மேல் மகரந்தத்தைத் தேய்த்துவிட்டு மறுபடி மேலே போயிருக்கின்றன. தேனீயின் முதுகில் பூசுவதற்காக உள்ளே இருக்கும் நெம்புகோல் அது. அப்படியானால் சால்வியாதான். பூ உதிர்ந்த கிண்ணத்துக்குள் நாலு குட்டி விதை உட்கார்ந்திருக்கும், அதையும் பார் என்றேன்.

நேற்று எழுதியிருக்கிறாள், நாலு இருக்கிறதாம். உலகத்தில் சால்வியா வகை தொள்ளாயிரத்துக்கு மேல். எந்த வகை என்று பார்க்க, புல்லிவட்டத்தின் படமும் இலையின் அடிப்பக்கப் படமும் கேட்டிருக்கிறேன். மழை விட்டதும் எடுத்து அனுப்புகிறேன் என்றாள்.